நற்சாட்சியை நீக்காதீர்கள்: ஊழியர் தெரிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சபை ஊழியர் தெரிவுக் குழுவின் தலைவர் ஐயா அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடந்த ஞாயிறு ஆராதனை முடிவில் உங்கள் சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது. இனி ஊழியத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஓராண்டு சோதனைக்காலம் கிடையாது என்கிறீர்கள். அவர்களை அறிந்த சபையாரிடமும் வெளியாரிடமும் எழுத்தில் வாங்கிவந்த நற்சாட்சியும் இனித் தேவையில்லையாம். கல்விச் சான்றிதழ், ஒரு மாதிரிப் பிரசங்கம், ஒரு நேர்காணல், இவ்வளவு போதும் என்று முடிவாகியிருக்கிறது. காலியிடங்கள் பெருகிவிட்டன, விரைவாக நிரப்ப வேண்டும் என்று காரணமும் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்குப் போய் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைவிட உங்கள் முகத்துக்கு நேரே சொல்வதுதான் முறை. எல்லாரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இது ஒவ்வொரு சபையின் பிள்ளைகளையும் விதவைகளையும் காணிக்கைப் பெட்டியையும் தொடுகிற முடிவு.

நான் காணிக்கை எண்ணும் குழுவில் பல ஆண்டுகளாக இருப்பவள். ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கிக் கலைகிற நேரத்தில், பக்கத்து அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பையைக் கவிழ்த்து எண்ணுவோம். பிரசங்க பீடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாத பல காரியங்கள் அந்த மேசையில் உட்கார்ந்தால் தெரியும்.

எங்களுக்கு வந்த ஊழியர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அவர் பிரசங்கத்தைக் கேட்டு நான் கண்ணீர் விட்டிருக்கிறேன். அவருக்கு வரம் இருந்தது, அதை இன்றும் மறுக்க மாட்டேன். அவரைத் தெரிவு செய்தபோது அன்றைய குழு, "இப்படிப்பட்ட வரமுள்ளவருக்குச் சோதனைக்காலம் எதற்கு?" என்று சொல்லி விதியைத் தளர்த்தியது. அன்று ஒருவருக்காகத் தளர்த்தியதைத்தான் இன்று நீங்கள் எல்லாருக்குமான விதியாக்கியிருக்கிறீர்கள். ஆகவே அந்தத் தளர்வு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வந்த சில மாதங்களில் அவர் எண்ணும் மேசைக்கு வந்தார். காணிக்கைத் தாளில் இரண்டு பேர் கையெழுத்திடுவது எங்கள் வழக்கம். "ஒருவர் போதாதா? தேவனுடைய வீட்டில் இவ்வளவு சந்தேகமா?" என்று கேட்டார். கேட்பதற்கு ஆவிக்குரிய கேள்வியாகவே இருந்தது, சிலர் தலையும் ஆட்டினார்கள். பிறகு நிவாரண நிதியில் செலவான பணத்துக்குப் பொருளாளர் ரசீது கேட்டார். "அபிஷேகம் பெற்றவனிடமா கணக்குக் கேட்கிறீர்கள்?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொருளாளர் வாய் திறக்கவில்லை. இன்னொரு நாள் மணி இரண்டு நிமிடம் தாமதமாக அடித்துவிட்டதென்று, வயதில் தன்னைவிட மூத்த கோயில்பிள்ளையை, அதாவது எங்கள் ஆலயப் பணியாளரை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முன்னிலையில் ஒருமையில் திட்டினார். அந்தப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு மணிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நின்றார். பிள்ளைகள் அவரையும் பார்த்தார்கள், ஊழியரையும் பார்த்தார்கள். அன்று அவர்கள் கற்ற பாடம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

விடுமுறை வேதாகமப் பள்ளியின் அறிக்கை எழுதும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் இருந்தது. கடைசி நாள்வரை வந்த பிள்ளைகள் நாற்பதுக்கு மேல் இல்லை. வருகைப் பதிவேடு என் கையில் இருந்தது. அவர் நான் எழுதிய எண்ணை அடித்துவிட்டு இருநூறு என்று எழுதினார். "மேலிடத்துக்குப் போகிற அறிக்கை, வாசிக்கிறவர்களுக்கு ஊக்கமாக இருக்க வேண்டும்" என்றார். நான் கையெழுத்திட மறுத்தேன். வேறொருவர் கையெழுத்தோடு அறிக்கை போனது. பிறகு அந்த இருநூறை உங்கள் ஆண்டு மலரில் அச்சில் பார்த்தேன்.

இவை சின்னச் சின்னக் காரியங்கள் என்று தோன்றலாம். ஒரு கையெழுத்து, ஒரு ரசீது, ஒரு வசவு, ஒரு எண். ஆனால் குணம் வெளிப்படுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். அவர் மாற்றலாகிப் போன பிறகு நிவாரண நிதிக் கணக்கை யாராலும் நேர்செய்ய முடியவில்லை. கூரை பழுதுபார்க்கத் தருவதாகப் பீடத்திலிருந்தே அறிவிக்கப்பட்ட தொகை ஒரு விதவைத் தாயாருக்குக் கடைசிவரை போய்ச் சேரவில்லை. சில குடும்பங்கள் சபையை விட்டுப் போயின. அவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற வாலிபன் ஒருவன் என்னிடம், "அக்கா, அவர் சொன்ன வசனமெல்லாம் உண்மையா, அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டான். வசனம் உண்மை என்று சொன்னேன். அவன் நம்பினானா என்பது எனக்குத் தெரியாது.

உங்கள் புதிய விதிப்படி பார்த்தால் அந்த ஊழியர் இன்றைக்கும் முதலிடத்தில் தேறுவார்.

தேறவே மாட்டாத இன்னொருவரையும் எனக்குத் தெரியும். அவரும் எங்களிடம் ஊழியம் செய்தவர். பேச்சு தட்டித் தடுமாறும். பிரசங்கத்தை எழுதிவைத்து, தாளிலிருந்து தலை தூக்காமல் வாசிப்பார். உங்கள் மாதிரிப் பிரசங்கத் தேர்வில் பாதியிலேயே மணி அடித்து உட்காரச் சொல்லியிருப்பீர்கள். அவர் நிவாரணப் பணியை முடித்துவிட்டு எங்கள் மேசையில் ஒரு நீல அட்டை நோட்டை வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, பெயர், கொடுத்த பொருள், அதற்கு நேரே வாங்கியவரின் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் பெருவிரல் ரேகை. கடைசிப் பக்கத்தில் ஓர் உறை குத்தப்பட்டிருந்தது, மீதிச் சில்லறை அதற்குள் இருந்தது. யாரும் அவரிடம் கணக்குக் கேட்டிருக்கவில்லை.

அவர் குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. ஒரு கமிட்டிக் கூட்டத்தில் பொறுமை இழந்து ஒரு வாலிபனிடம் சத்தம் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு அறிவிப்புகளுக்கு முன்னால் பீடத்தை விட்டு இறங்கி வந்தார். அந்த வாலிபன் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் பக்கத்தில் நின்று, "தம்பி, அன்றைக்கு நான் பேசினது தவறு. எல்லார் முன்னாலும் பேசினேன், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். பீடத்துக்குத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து அறிவிப்பை வாசித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் சபையில் குடும்பத் தகராறு வந்தால் இரண்டு பக்கத்தாரும் அவரிடமே போனார்கள். தன் தவறை ஒத்துக்கொள்கிற மனிதனிடம் தங்கள் தவறைச் சொல்ல ஜனங்களுக்குத் தைரியம் வருகிறது. ஊழியத்துக்குக் குணம் அஸ்திபாரம் என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான். பாவ அறிக்கை, பிள்ளைகளின் பாதுகாப்பு, மரணப்படுக்கையின் பேச்சு, ஏழையின் பணம், இவையெல்லாம் நம்பிக்கையின்மேல் நடக்கிறவை. நம்பத்தக்க ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல பிரசங்கமும் காதில் விழுந்ததோடு போய்விடும்.

வேதம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்றாலும் இந்த முடிவெடுத்த நாளில் 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரம் உங்கள் மேசையில் திறந்திருந்ததா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. சபையை மேற்பார்க்கிற கண்காணியிடம் எதிர்பார்க்கப்படுகிறவை அங்கே வரிசையாக இருக்கின்றன. குற்றஞ்சாட்டப்படாதவன், தெளிந்த புத்தியுள்ளவன், அடிக்கிறவனாயிராதவன், சண்டைபண்ணாதவன், பண ஆசையில்லாதவன். அந்தப் பட்டியலில் திறமை என்று பிரித்துச் சொல்லத்தக்கது போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் திறமையுள்ளவன், என்ற ஒன்றுதான். மற்றவையெல்லாம் குணம். உங்கள் புதிய விதியோ அந்த ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு மற்றதைக் கேளாமல் விடுகிறது. நூதன சீஷனாயிருக்கக்கூடாது, அதாவது விசுவாசத்துக்குப் புதியவனாயிருக்கக்கூடாது என்றும், புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாயிருக்க வேண்டும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. சபைப் பணியில் துணைநிற்கும் உதவிக்காரரைப் பற்றி, "இவர்கள் முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும்" என்று வெளிப்படையாகவே இருக்கிறது. நீங்கள் நீக்கியிருக்கும் இரண்டும், அதாவது காலமும் சாட்சியும், அப்போஸ்தலனாகிய பவுல் கேட்டவை.

ஆதித் திருச்சபை இதில் எவ்வளவு கவனமாக இருந்தது என்று பாருங்கள். யூதாசின் இடத்துக்கு ஆள் தேடியபோது பேதுரு வைத்த நிபந்தனை, யோவானின் ஞானஸ்நான நாள்முதல் எங்களோடுகூட இருந்தவனாக வேண்டும் என்பது. பந்தி விசாரணைக்கு ஏழுபேரைத் தெரிந்தெடுத்தபோதும் நற்சாட்சி பெற்றவர்களைத்தான் கேட்டார்கள். சாப்பாடு பரிமாறுகிற வேலைக்கே அப்படி! தீமோத்தேயுவைப் பவுல் கூட்டிக்கொண்டு போகுமுன் லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர்கள் அவனைக் குறித்து நற்சாட்சி சொன்னார்கள் என்று அப்போஸ்தலர் 16 பதிவு செய்கிறது. பவுலுக்கே எருசலேமில் பர்னபா சாட்சியாக நிற்க வேண்டியிருந்தது. அதே பவுல் பிற்காலத்தில் எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது, ஒருவரும் குறை சொல்ல இடமில்லாதபடி சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரை உடன் அனுப்பினார். அபிஷேகம் பெற்றவனிடம் கணக்கா என்று அவர் கேட்கவில்லை.

சாமுவேல் தன் முதிர்வயதில் ஜனங்கள் முன் நின்று, நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், சாட்சி சொல்லுங்கள் என்று தானே கேட்டான். ஒருவராலும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே சாமுவேல் நியாயாதிபதிகளாக ஏற்படுத்திய அவன் குமாரர் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஊழியக்காரர் வீட்டுப் பையன் என்ற பேச்சு தெரிவு நேரத்தில் எழும்போதெல்லாம் 1 சாமுவேல் 8 எனக்கு நினைவுக்கு வருகிறது. கேயாசியும் அப்படித்தான். எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரனாக அவருடைய அற்புதங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், நாகமான் கொடுத்த வெள்ளிக்காக ஓடினான். வல்லமைக்கு அருகில் இருப்பதால் மட்டும் ஒருவனுக்குக் குணம் வந்துவிடாது.

வெளியார் சாட்சிக்கு இவ்வளவு மதிப்பு எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை நினைத்துப் பாருங்கள். 1779-இல் ஆங்கிலேயருக்கு மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் தூது போக ஆள் தேவைப்பட்டபோது, ஆங்கிலேயரின் வாக்கை நம்பாத ஹைதர், சுவார்ட்ஸை அனுப்பினால் அவர் ஏமாற்றமாட்டார் என்று சொன்னதாக வரலாறு பதிவு செய்கிறது. 1787-இல் தஞ்சை மன்னர் துளஜாஜி மரணத் தறுவாயில் தன் சுவீகார மகன் சரபோஜியை அவர் பொறுப்பில் விட்டார். இந்த இருவரும் கிறிஸ்தவர்கள் அல்ல. அவருடைய பிரசங்கத்துக்கு மதிப்பெண் போட்டவர்களும் அல்ல. அவர் சொன்னதைச் செய்கிறாரா, பணத்தில் கை சுத்தமா என்று பார்த்தும் கேள்விப்பட்டும் அறிந்தவர்கள். அப்படி அறிந்தவர்களின் வார்த்தையைத்தான் இனித் தேவையில்லை என்கிறீர்கள்.

நம் காலத்துக்கு வருகிறேன், இதை எழுதவே மனம் கனக்கிறது. சென்னையில் பிறந்து உலகெங்கும் அறியப்பட்ட பேச்சாளர் ரவி சக்கரியாஸ் 2020 மே மாதம் இறந்தார். 2021 பிப்ரவரியில் அவருடைய ஊழிய நிறுவனமே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை, அவர் பல பெண்களிடம் பாலியல் ரீதியாக முறைகேடாக நடந்ததை வெளிப்படுத்தியது. 2017-இலேயே ஒரு பெண் முறையிட்டிருந்தார். அந்தப் பெண்ணை நம்பாமல் ரவி சக்கரியாஸை நம்பியது தவறு என்று நிர்வாகக் குழு பிறகு ஒப்புக்கொண்டது. அறிவுத்திறன் குன்றியவர்களுக்காக 1964-இல் பிரான்சில் லார்ஷ் சமூகத்தைத் தொடங்கிய ழான் வனியேயைப் பரிசுத்தவானாகவே பலர் எண்ணியிருந்தார்கள். அவர் 2019-இல் இறந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் லார்ஷ் வெளியிட்ட விசாரணை முடிவு, ஆவிக்குரிய ஆலோசனை என்ற பெயரில் ஆறு பெண்களை அவர் பயன்படுத்திக்கொண்டதைச் சொன்னது. இருவருக்கும் வரம் குறையவில்லை, புகழும் குறையவில்லை. அவர்களை நிறுத்திக் கேள்வி கேட்கவும், கேட்டவர்களின் பேச்சுக்குக் காது கொடுக்கவும் அருகில் ஆள் இல்லாமல் போனது. அதன் விலையை அந்தப் பெண்கள் கொடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு முன்மாதிரியும் உண்டு. 1948-இல் பில்லி கிரகாமும் அவருடைய உடன் ஊழியர் மூவரும் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் உட்கார்ந்து, சுவிசேஷகர்களை எவை வீழ்த்துகின்றன என்று யோசித்துத் தங்களுக்கே வேலி போட்டுக்கொண்டார்கள். பண விஷயம், பெண்களோடு நடந்துகொள்ளும் விதம், உள்ளூர்ச் சபைகளைக் குறைகூறாமை, இவற்றோடு கூட்ட எண்ணிக்கையை மிகைப்படுத்தக்கூடாது என்பதும் அதில் இருந்தது. அந்தக் கடைசி வரியை உங்கள் ஆண்டு மலர்க் குழுவும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"தேவன் குறைவுள்ளவர்களையும் பயன்படுத்துகிறாரே, சிம்சோனைப் பயன்படுத்தவில்லையா, தாவீதை மன்னிக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். மன்னித்தார். விழுந்தவர் எழுந்து சபையில் உட்காரவும், அப்பத்தில் பங்குபெறவும், எங்கள் அன்பைப் பெறவும் தடையே இல்லை. அவருக்காக முழங்காலில் நிற்கவும் நான் ஆயத்தம். ஆனால் மன்னிப்புப் பெறுவது வேறு, மற்றவர்களின் ஆத்துமாவையும் பிள்ளைகளையும் பணத்தையும் கையில் வாங்குவது வேறு. முதலாவது கிருபையினால் வருகிறது, ஒரு நொடியில் கிடைக்கும். இரண்டாவதற்கு மனிதர் முன் காலம் எடுத்து நிரூபிக்க வேண்டும். ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே, அதாவது அவசரப்பட்டு ஊழியத்துக்கு ஏற்படுத்தாதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இதற்குத்தான். தேவன் யாரைப் பயன்படுத்துவார் என்பது அவர் சித்தம். நீங்கள் யாரைத் தெரிவு செய்யலாம் என்பதற்கு அவர் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

நற்சாட்சிக் கடிதங்கள் வெறும் சடங்காகிவிட்டன, வேண்டியவர்கள் வேண்டியவர்களுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள் என்பது உங்கள் சுற்றறிக்கையின் இன்னொரு காரணம். அது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் கேட்கிற இடத்தை மாற்றுங்கள். செல்வாக்குள்ளவர்களிடமும் நண்பர்களிடமும் கேட்பதை விட்டுவிட்டு, அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். கோயில்பிள்ளையிடம் கேளுங்கள். அவருக்குக் கடன் கொடுத்தவரிடமும், அவரோடு கருத்து வேறுபட்டு நின்றவரிடமும் கேளுங்கள். அவருடைய மனைவியிடம் அவர் இல்லாதபோது பேசுங்கள். அடக்கமான ஒருவர்மேல் ஆகாதவர்கள் புறணி பேசி அவரைக் கெடுக்கவும் கூடும், அதற்கும் வேதம் வழி சொல்லியிருக்கிறது. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை ஏற்காதே என்கிறது. சாட்சி இருக்கும்போது மூடி மறைக்கவும் அது இடங்கொடுக்கவில்லை.

ஊழியர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் மடல் நியாயமாக இருக்காது. குணத்தைக் கேட்கிற நாம் அதைக் காக்க என்ன செய்கிறோம்? சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாகிறது. ஓய்வு நாள் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. மனம் சோர்ந்தால் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை, சொன்னால் அது அடுத்த மாற்றலில் எதிரொலிக்கும் என்ற பயம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கையேந்தி நிற்கிற ஒருவரைப் பார்த்துப் பண ஆசையில்லாதவனாயிரு என்று சொல்ல நமக்கு வாய் கூசவேண்டும். நேர்மையாக ஊழியம் செய்கிற அநேகரை எனக்குத் தெரியும். ஒருவர் செய்த துரோகத்தின் நிழல் அவர்கள்மேலும் விழுகிறது. விதியைத் தளர்த்தினால் முதலில் அடிபடுவது அவர்களுடைய பெயர்தான்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை. இந்தச் சுற்றறிக்கையை உடனே நிறுத்தி வையுங்கள். ஓராண்டு சோதனைக்காலத்தை மீண்டும் கொண்டுவாருங்கள், எவ்வளவு வரமுள்ளவராக இருந்தாலும் யாருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஆண்டில் அவர் மூத்த ஊழியர் ஒருவரின் கீழ்ப் பணிசெய்யட்டும், பணப் பொறுப்பும் பிள்ளைகளோடு தனித்திருக்கும் பொறுப்பும் அவருக்கு வேண்டாம். நற்சாட்சியை எழுத்தில், பெயரோடும் கையெழுத்தோடும் வாங்குங்கள். அதில் ஒன்று அவருக்குக் கீழே வேலை செய்தவரிடமிருந்தும் ஒன்று சபைக்கு வெளியே உள்ளவரிடமிருந்தும் வரவேண்டும். முன்பு ஊழியம் செய்த இடத்திலிருந்து அவர் ஏன் மாற்றப்பட்டார் என்ற விவரம் அடுத்த சபையின் மூப்பர்களுக்கு மறைக்கப்படாமல் போய்ச் சேரவேண்டும். முறையிடுகிறவர்கள், குறிப்பாகப் பெண்களும் பிள்ளைகளும், பயமின்றி வந்து பேசும்படி குழுவுக்கு வெளியே ஒரு நபரை நியமியுங்கள், அவர் பெயரை எல்லா ஆலயங்களிலும் ஒட்டுங்கள். காணிக்கைத் தாளில் இரண்டு கையெழுத்து என்பதை எல்லாச் சபைக்கும் விதியாக்குங்கள். ஊழியர்களின் சம்பளம் மாதத்தின் முதல் வாரத்திலேயே அவர்கள் கைக்குப் போகவும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கவும் வழிசெய்யுங்கள். காலியாக இருக்கும் சபைகளை அதுவரை மூப்பர்களும் பெண்கள் ஐக்கியமும் தாங்கிக்கொள்வோம். எங்கள் சபை இதற்கு முன்பும் அப்படி நடந்திருக்கிறது, ஜெபக்கூட்டம் ஒரு வாரமும் நிற்கவில்லை.

எங்கள் நிவாரண நிதிக் கணக்கைத் திரும்பத் திறந்து தணிக்கை செய்யவும், அந்த விதவைத் தாயாருக்கு வாக்களித்த தொகையைச் சபை நிதியிலிருந்து கொடுக்கவும் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, தள்ளிப்போட நேரமில்லை.

அடுத்த அபிஷேக ஆராதனைக்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அதையும் இந்தச் சுற்றறிக்கையைப் போலவே எல்லாச் சபைகளிலும் வாசிக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
காணிக்கை எண்ணும் குழுவில் பணிசெய்யும்
சபை அங்கத்தினர் ஒருத்தி